அட்டை செருகப்படவில்லை

உலான்பாத்தரில் ஜனவரி.
இரவெல்லாம் பானட்டின் மேல் கிடந்த கம்பளியை
ஐந்தே முக்காலுக்கு உருவுகிறாள் துலம்சுரேன்.
மைனஸ் முப்பத்து மூன்று.
தெருவிளக்கைக் கரிப்புகை பாதி தின்றிருக்கிறது.
பொத்தானை அழுத்துகிறாள்.
உறுமல் கிடையாது, அது அந்த ஜாதி வண்டியல்ல.
முதலில் ஒரு பெண்குரல் மட்டும்,
பணிவாக, ஜப்பானிய மொழியில்
ஒரே ஒரு வாக்கியம்.

பதினோரு வருடமாக அதை
வாழ்த்து என்றே எண்ணியிருந்தாள்.
போயிட்டு வா, மாதிரி ஏதாவது.

வண்டி வெள்ளை. பெயர் வைக்கவில்லை.
அங்கே குதிரைக்கும் பெயர் கிடையாது,
நிறம்தான் பெயர்.
ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையிலும் வலப்பக்கம்.
முந்த வேண்டுமானால்
இடப்பக்கம் உட்கார்ந்த பயணி எட்டிப் பார்த்துச் சொல்லணும்:
"லாரி வருது."
"இப்ப போ."
முன்பின் தெரியாத ஆளின் கண்ணை நம்பி
எதிர்த்தடத்தில் ஏறுவது
அவளுக்குப் பழகிவிட்டது.

கதவோரம் ஒரு ஸ்டிக்கர், எண்ணெய் மாற்றியதற்கு.
வாசிக்கத் தெரியாத எழுத்து, வாசிக்கத் தெரிந்த எண்: 98,412.
அப்போது யார் வண்டியோ.
பின்சீட்டு இடுக்கில் தவளை பதித்த ஹேர் கிளிப் ஒன்று.
எறியவில்லை. ஏன் என்றால் அவளுக்கே தெரியாது.
இன்று மீட்டரில் நாலே கால் லட்சம்.

இந்தக் கம்பெனி முதலில் செய்தது
கார் இல்லை, தறி.
இழை ஒன்று அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி.
அதற்கு முன்பெல்லாம்
அறுந்தது தெரியாமல் முழம் முழமாய் ஓட்டைத் துணி ஓடும்,
பக்கத்தில் யாராவது கண் கொட்டாமல் நிற்கணும்.
கார் ஆசை அடுத்த தலைமுறைக்கு வந்தது.
குடும்பப் பெயரின் கடைசி எழுத்திலிருந்து
இரண்டு சின்னக் கீற்றுகளை அழித்தார்கள்.
எட்டுக் கோட்டில் முடிந்தால் ராசியாம்.
'டா' வல்லினமாய் இறுகியது.
அவர்கள் இரண்டு கீற்றை எடுத்த இடத்தில்
நாம் ஒரு மெய்யைக் கூட்டி
அதன் தலையில் புள்ளியும் வைக்கிறோம்:
டொயோட்டா.

தறிக்கதை துலம்சுரேனுக்குத் தெரியாது.
தெரிந்தது சிவப்பு முக்கோணம்.
நலைக் ஏற்றத்தில், மார்ச் மாதப் புழுதிக்காற்றில்
டாஷ்போர்டில் அது எரிந்தது.
வண்டி ஆமையாகி, அப்புறம் நின்றது.
டயரை உதைத்தாள். காலில்தான் வலி.
மெக்கானிக் சோக்த்பாயர் பின்சீட்டைக் கழற்றி
இருபத்தெட்டு பேட்டரித் துண்டுகளையும்
ஒவ்வொன்றாக அளந்தான்.
"ஒண்ணுதான் செத்திருக்கு."
"ஒண்ணுக்காகவா நின்னுது?"
"ஆமா. மூணு மணி நேரம் ஆகும். டீ இருக்கா?"

போன வாரம் ஏறியவள் ஒரு நர்ஸ்,
ஆறு வருடம் நீகாட்டாவில் இருந்து திரும்பியவள்.
பெட்ரோல் போட்டு மறுபடி கிளப்பியபோது
குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.
"என்ன சொல்லுது?"
"அட்டை செருகப்படவில்லைன்னு."
"எந்த அட்டை?"
"சுங்கச்சாவடி அட்டை. அங்க அது இருந்தா தடுப்பு தானாத் திறக்கும்."

பாலம் கடக்கும்வரை துலம்சுரேன் பேசவில்லை.
மகளை வலியோடு ஏற்றிக்கொண்டு பறந்த இரவிலும்,
கணவனைப் பெட்டியோடு
பேருந்து நிலையத்தில் இறக்கிவிடக் கிளம்பிய காலையிலும்
அது சொன்னது
இதைத்தானா.

"ஒரு ஒயரைப் பிடுங்கினா நின்னுடும்" என்றாள் நர்ஸ்,
காசைக் கொடுத்து இறங்கும்போது.

இன்று அழுத்துகிறாள். டாஷ்போர்டு யோசிக்கிறது.
பக்கத்து வீட்டு வண்டி
இருமி இருமி அடங்கிப்போகிறது.
இங்கே, குரல்.

"இல்லைம்மா, இல்லை" என்றபடி
கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டத் தொடங்குகிறாள்,
காலாவதியான ஏதோ ஓர் அட்டையால்.